கேப் டவுனில் நின்ற கால்நடைக் கப்பல்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரி 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை, ‘அல் குவைத்’ என்னும் கால்நடைக் கப்பல் கேப் டவுன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பிரேசிலில் ஏற்றப்பட்ட சுமார் 19,000 மாடுகள் அதில் இருந்தன. அவை போய்ச் சேரவேண்டிய நாடு ஈராக். 190 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் இங்கே ஒரு மாட்டையும் இறக்க வரவில்லை, ஏற்றவும் வரவில்லை. வழியில் தீவனம் எடுத்துக்கொண்டு போக வந்தது. மறுநாள் காலை நகரம் முழுவதும் சகிக்க முடியாத நாற்றம் பரவியது. மாநகராட்சி முதலில் கழிவுநீர் நிலையங்களில் கசிவு இருக்கிறதா என்று ஆட்களை அனுப்பித் தேடியது. நகர மையத்தில் வேலை பார்க்கும் நம் தமிழர்களும் சாக்கடை எங்கோ உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகுதான் நாற்றம் துறைமுகத்திலிருந்து வருகிறது என்பது தெரியவந்தது.

தென்னாப்பிரிக்காவின் விலங்கு வதைத் தடுப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.ஏ.வின் கால்நடை மருத்துவரும் ஆய்வாளர்களும் கப்பலில் ஏறிப் பார்த்தார்கள். மாடுகள் ஏற்கெனவே இரண்டரை வாரங்களைக் கப்பலில் கழித்திருந்தன என்றும், சாணமும் அமோனியாவும் தேங்கியிருப்பதே நாற்றத்துக்குக் காரணம் என்றும் அவ்வமைப்பு அறிவித்தது. சாணம் அப்பிய உடலோடு மாடுகள் நின்ற படங்கள் வெளிவந்தன. காயமுற்றும் நோயுற்றும் இருந்த எட்டு மாடுகளைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருந்தது. இறந்து கிடந்தவையும் இருந்தன. இரண்டொரு நாளில் கப்பல் தீவனத்தோடு புறப்பட்டுச் சென்றது, நாற்றமும் போயிற்று, செய்தியும் ஓய்ந்தது.

டர்பனில் கப்பல் ஆய்வுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்நிகழ்வு எனக்கு ஓயவில்லை. அந்தக் கப்பல் பழைய இரும்புக் கூடு அன்று. சரக்குப் பெட்டகக் கப்பலையோ கார் ஏற்றும் கப்பலையோ வெட்டி ஒட்டி மாட்டுக் கொட்டிலாக மாற்றியதும் அன்று. கால்நடைக்கென்றே கட்டப்பட்ட, ஒப்பளவில் புதிய கப்பல். உலகின் பல துறைமுகங்களுக்குப் போய்வந்து வேலை செய்த கப்பல். அப்படியொரு கப்பல் ஒரு துறைமுகத்தில் தீவனம் ஏற்ற நின்றதற்கே ஒரு மாநகரம் மூக்கைப் பொத்தியது என்றால், கோளாறு அந்த ஒரு கப்பலில் மட்டும் இருக்க முடியாது. கால்நடைக் கப்பல்களுக்கான பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன என்பதும், நின்றுவிட்ட கப்பலுக்கு அவற்றில் போதிய விடை இல்லை என்பதும் என் கருத்து. அதை இந்த நிகழ்வை வைத்து விளக்க முயல்கிறேன்.

கப்பலுக்குள் நடப்பது

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு மாட்டின் எடையைச் சராசரியாக 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீவனம் என்பது இத்தொழிலில் வழக்கமான கணக்கு; அப்படியானால் ஒரு மாட்டுக்கு 7 கிலோ, 19,000 மாடுகளுக்கு நாளொன்றுக்கு 133 டன். குடிநீர் ஒரு மாட்டுக்கு 40 லிட்டர் என்று மிதமாகக் கொண்டால் நாளொன்றுக்கு 760 டன். இவ்வளவு நன்னீரை எடுத்துக்கொண்டு எந்தக் கப்பலும் புறப்படுவதில்லை. கடல்நீரைக் கொண்டு நன்னீர் ஆக்கும் எந்திரங்கள்தாம் நாள்தோறும் இதைத் தருகின்றன. அவற்றுக்குச் சுத்தமான கடல்நீர் வேண்டும் என்பதால், எண்ணெயும் கழிவும் மிதக்கும் துறைமுக நீரில் பொதுவாக அவற்றை ஓட்டுவதில்லை. ஆகவே துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தொட்டிகளில் உள்ள கையிருப்பையோ கரையிலிருந்து வாங்கும் தண்ணீரையோ நம்பித்தான் ஓடுகிறது.

உள்ளே போவது இவ்வளவு என்றால் வெளியே வருவதும் அதற்கேற்றபடிதான் இருக்கும். சாணமும் சிறுநீரும் சேர்ந்து மாடொன்றுக்கு நாளுக்கு 20 கிலோ என்று குறைத்துக் கொண்டாலும் 380 டன் ஆகிறது. சிறுநீரில் இருக்கும் யூரியாவை, சாணத்தில் உள்ள நுண்ணுயிர்களின் நொதி அமோனியாவாக உடைக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட இந்த வேலை விரைவாகிறது. மாடுகளை ஏற்றும் தளங்களைச் சில நாட்களுக்கு ஒருமுறை கடல்நீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது வழக்கம். செம்மறி ஆடுகளுக்கு இப்படிச் செய்வதில்லை; அவற்றின் புழுக்கை காய்ந்து மெத்தைபோல் ஆகிவிடும் என்பதால் தளத்தை உலர்வாக வைப்பதே முறை. மாட்டுச் சாணம் காய்வதில்லை. அது சேறாகிக் குளம்பை மூடி, பிறகு கணுக்காலுக்கு ஏறி, படுக்கும் மாட்டின் விலாவிலும் மடியிலும் ஒட்டி மேலோடாக இறுகுகிறது. அப்படி ஒட்டிய சாணம் உடலின் வெப்பத்தை வெளியேற விடுவதில்லை; அடியில் தோல் வெந்து புண்ணாகிறது. கேப் டவுனில் எடுத்த படங்களில் நாம் பார்த்தது இதைத்தான்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்பால் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு, உயிர்விலங்குகள் இருக்கும் இடத்திலிருந்து வடியும் நீரையும் மனிதக் கழிவுநீரோடு சேர்த்தே வரையறுக்கிறது. சுத்திகரிக்காத கழிவுநீரை விட வேண்டுமானால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும். கப்பல் பயணத்தில் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 4 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. ஒரே கொட்டாகக் கொட்டாமல் அளவாக விட வேண்டும். கடலைக் காக்க எழுதிய நியாயமான விதி இது. அதன் மறுபக்கத்தைக் கவனிக்க வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் வரை தளத்தைக் கழுவவே முடியாது. எந்தத் துறைமுகமும் அந்தத் தண்ணீரைத் தன் படுகையில் விட அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. வேறு கண்டத்துக் கால்நடையின் சாணத்தைக் கரையில் இறக்கவும் நோய்த் தடுப்புச் சட்டம் இடம் தராது. ஆக, இரண்டு நாள் நின்றால் மேலே சொன்ன கணக்குப்படி 760 டன் கழிவு மாடுகளின் காலடியிலேயே கிடக்கிறது. கேப் டவுனை எட்டிய நாற்றத்துக்கு இதைவிடப் பெரிய மர்மம் ஒன்றும் தேவையில்லை.

அமோனியாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் மனிதருக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அமோனியா இருக்கக் கூடாது என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வரம்பு. கால்நடைக்கும் ஏறத்தாழ இதே அளவைத்தான் அபாய எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். மனிதர் எட்டு மணி நேரம் முடிந்து மேல்தளத்துக்குப் போய்விடலாம். மாடு இருபத்துநான்கு மணி நேரமும் அங்கேதான் நிற்கிறது, மூக்கும் கண்ணும் சாணத்துக்கு மிக அருகில் இருக்கும்படி. கண்ணில் நீர் வழிவது, இருமல், நுரையீரல் நோய் எல்லாம் இதிலிருந்து தொடங்குகின்றன. ஒரு பயணத்தில் இறந்தவை எத்தனை என்று மட்டும் எண்ணும் அறிக்கை இதையெல்லாம் காட்டாது. ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளுக்கு நூற்றுக்கு இரண்டாக இருந்த இறப்பு வரம்பை (தாண்டினால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய அளவை) 2018-இல் நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனாலும் அதே அளவை இந்த 19,000 மாடுகளுக்கு வைத்துப் பார்த்தால், நூற்றுக்கு ஒன்று என்பது 190 மாடுகள். அதற்குக் குறைவாகச் செத்தால் பயணம் நன்றாக முடிந்தது என்று எழுதிவிடுகிற அளவுகோல், உயிரோடு இறங்கியவை எப்படி இறங்கின என்பதைக் கேட்பதே இல்லை.

காற்று

கால்நடைக் கப்பலில் உயிர்நாடி காற்றோட்டம். நடுத்தர எடையுள்ள ஒரு மாடு அரைக் கிலோவாட்டுக்கும் மேல் வெப்பத்தை இடைவிடாமல் வெளியிடுகிறது. குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் வீடுகளில் வைக்கும் சிறிய ஹீட்டர் ஒன்று அணைக்கப்படாமல் எரிவதற்குச் சமம் அது. 19,000 மாடுகள் என்றால் ஏறக்குறைய 10 மெகாவாட். மூச்சோடு வரும் ஈரம் தனி. மூடிய தளங்களில் இதை வெளியேற்றுவது விசிறிகள் மட்டுமே.

இதற்கான விதிகளில் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருப்பது ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் 43-ஆம் எண் கடலாணை. தளத்தின் உயரம் 2.3 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் மணிக்கு 20 முறையும், 1.8 மீட்டர்தான் என்றால் 30 முறையும் உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும் என்று அது கேட்கிறது. பட்டிக்குள் வீசும் காற்றின் வேகம் நொடிக்கு அரை மீட்டராவது இருக்க வேண்டும். முதன்மை மின்சாரம் நின்றுபோனாலும் காற்றோட்டம், விளக்கு, குடிநீர், வடிகால் ஆகியவை நிற்காமல் ஓட இரண்டாவது மின்மூலம் வேண்டும். ஒரே தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டு கட்டி ஆடுகளை ஏற்றும் இரட்டை அடுக்குக் கப்பல்களை 2020 ஜனவரி முதல் அது ஏற்பதில்லை.

எண்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் மணிக்கு 20 முறை என்பது தளம் முழுவதற்குமான சராசரி என்பதை மறக்கக் கூடாது. கப்பலுக்குள் இறங்கிப் பட்டியின் மூலையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை மாட்டின் முகம் இருக்கும் உயரத்தில் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். குழாய் வாய்க்கு நேரே காகிதம் படபடக்கும். பத்தடி தள்ளி, தூணுக்குப் பின்னால், தீவனத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அசையாமல் தொங்கும். அந்த மூலையில் நிற்கும் மாடுகளுக்குச் சராசரியால் பயனில்லை. பட்டிக்குள் காற்றின் வேகத்தைத் தனியே அளக்கச் சொல்வது இதனால்தான். மாடு ஏறிய பிறகு அளப்பது இன்னும் முக்கியம். காலித் தளத்தில் வீசும் காற்று, நெருக்கி நிற்கும் உடல்களுக்கு நடுவில் அப்படியே வீசாது.

தூத்துக்குடியிலிருந்து வந்து டர்பனில் குடியேறிய மூத்த கப்பல் எந்திரவியலாளர் ஒருவர், கால்நடைக் கப்பல்களில் வேலை பார்த்தவர், என்னிடம் சொன்னது இது: “கப்பல் ஓடிட்டு இருக்கிற வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்கும் தம்பி. நின்னாத்தான் தெரியும், காத்து எம்புட்டு வருது, தண்ணி எம்புட்டு வடியுதுன்னு.” பின்காற்று கப்பலின் வேகத்திலேயே வீசும்போது திறந்த தளங்களில் காற்று அசையாமல் நின்றுவிடும் என்றும், அப்போது கேப்டன் கப்பலை நேர்வழியில் விடாமல் இடமும் வலமும் மாறிமாறித் திருப்பி ஓட்டிக் காற்றை உள்ளே வரவைப்பார் என்றும் அவர் விளக்கினார். கடலில் அதற்கு இடம் உண்டு. துறைமுகத்தில் கயிறு கட்டி நிறுத்திய கப்பலைத் திருப்ப முடியாது. ஒருபக்கம் கிடங்குகளும் பளுதூக்கிகளும் காற்றை மறைக்கும். வெளியேற்றிய காற்றையே விசிறி மறுபடி உள்ளே இழுக்கும்.

நின்ற கப்பல்கள்

இந்தக் கோணத்திலிருந்து கடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்தால், பெருந்துயரங்களில் பல கப்பல் நின்றுபோனதிலிருந்தோ துறை கிடைக்காததிலிருந்தோ தொடங்கியிருப்பது தெரிகிறது. 2003-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து 57,000-க்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகளோடு போன ‘கார்மோ எக்ஸ்பிரஸ்’ கப்பலைச் சவூதி அரேபியா வாய்ச்சிரங்கு நோயைக் காட்டித் திருப்பியனுப்பியது. வேறு நாடு ஏற்காமல் அது கடலிலேயே வாரக்கணக்கில் அலைந்தது. கடைசியில் எரித்ரியா ஏற்றுக்கொண்டபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் மடிந்திருந்தன. 2020 டிசம்பரில் ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட ‘கரீம் அல்லா’, ‘எல்பெய்க்’ என்னும் இரு கப்பல்களை நீலநாக்கு நோய் பற்றிய ஐயத்தால் எந்தத் துறைமுகமும் ஏற்கவில்லை. இரண்டு மாதங்களுக்கும் மேல் மத்தியதரைக் கடலில் சுற்றிவிட்டு அவை ஸ்பெயினுக்கே திரும்பின. உயிரோடு மிஞ்சியிருந்த மாடுகளும் அங்கே கொல்லப்பட்டன. 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்தபோது, காத்து நின்ற வரிசையில் கால்நடைக் கப்பல்களும் இருந்தன.

‘அல் குவைத்’ கேப் டவுனுக்கு வந்த அதே காலத்தில் ‘பாஹிஜா’ என்னும் இன்னொரு கப்பலின் கதையும் நடந்துகொண்டிருந்தது. 2024 ஜனவரி 5-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கான ஆடு மாடுகளோடு புறப்பட்ட அது, செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் பாதிவழியில் திரும்ப உத்தரவிடப்பட்டு, பிப்ரவரி நடுவில்தான் எல்லாக் கால்நடைகளையும் இறக்கி முடித்தது. இடையில் பெர்த் நகரத்துக் கோடை வெயிலில் கரைக்கு அருகே நின்றது. செங்கடல் வழி பாதுகாப்பாக இல்லாத காலமெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றும் கப்பல்கள் கூடும். நம் துறைமுகங்கள்தாம் வழித்தங்கல் ஆகும். கேப் டவுனில் நடந்ததை ஒருமுறை நேர்ந்த விபத்தாக நான் பார்க்காததற்கு இது ஒரு காரணம்.

நோய் பற்றிய அச்சத்தை வீண் பயம் என்று தள்ளவும் முடியாது. மொரீஷியஸில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2016-இல் ரொட்ரிக்ஸ் தீவில் தோன்றிய கோமாரி நோய், அங்கிருந்து கப்பலில் வந்த கால்நடைகளோடு மொரீஷியஸையும் எட்டியது. அதனால்தான் ஐயத்துக்குரிய கப்பலை இறக்க விடுவதில்லை. இறக்க விடாதது சரி என்றால், இறக்க முடியாத மாடுகளை என்ன செய்வது என்பதற்கான ஏற்பாட்டைப் புறப்படும் முன்பே செய்திருக்க வேண்டாமா? உலக விலங்கு நலவாழ்வு அமைப்பின் நிலவிலங்கு நெறிமுறை, கடல்வழிப் பயணத்துக்கென்று வைத்திருக்கும் அத்தியாயத்தில் அவசரகாலத் திட்டம் வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அது பரிந்துரை. ஒவ்வொரு நாடும் சட்டமாக்கினால்தான் கட்டுப்படுத்தும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் ஆபத்தான சரக்குக்குத் தனிக் கட்டாய நெறிமுறை உண்டு, தானியத்துக்கு உண்டு, கால்நடைக்கு இல்லை.

கவிழ்தல்

நிலைத்தன்மையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது, ஏனென்றால் மாடுகளோடு மனிதரும் சாகிற இடம் அது. மற்றச் சரக்கைக் கட்டிவைக்கலாம். கால்நடை தானே நகரும். கப்பல் ஒருபக்கம் சாயும்போது தாழ்ந்த பக்கத்துக்கு மாடுகள் சரியும், தீவனமும் சரியும். பல அடுக்குகள் நீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால் காற்று பக்கவாட்டில் பலமாகத் தள்ளும். இவற்றோடு வடிகால் துளைகளைச் சாணமும் வைக்கோலும் அடைத்துவிட்டால், கழுவிய தண்ணீர் உயர்ந்த தளங்களில் தேங்கி, கப்பல் சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வை மேலும் கூட்டும். ஒரு விரல் ஆழத் தண்ணீர்கூட அகலமான தளத்தில் பெரிய எடை.

2015 அக்டோபரில் பிரேசிலின் வில்லா டோ கோண்டே துறைமுகத்தில் ‘ஹைதர்’ கப்பல் ஏறக்குறைய 5,000 மாடுகளோடு, கட்டி நிறுத்திய இடத்திலேயே கவிழ்ந்தது. 2019 நவம்பரில் ருமேனியாவின் மிடியா துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் ‘குயின் ஹிந்த்’ 14,600 ஆடுகளோடு கவிழ்ந்தது. 2022 ஜூனில் சூடானின் சுவாகின் துறைமுகத்தில், தாங்கக்கூடியதைவிட மிக அதிகமாக ஏற்றப்பட்ட ‘அல் பத்ரி 1’, 15,000-க்கும் மேற்பட்ட ஆடுகளோடு மூழ்கியது. மூன்றும் புயலில் கவிழ்ந்தவை அல்ல. துறைமுகத்திலோ அதன் வாசலிலோ கவிழ்ந்தவை. புயலில் போனது ‘கல்ஃப் லைவ்ஸ்டாக் 1’. சரக்குப் பெட்டகக் கப்பலாகப் பிறந்து பிறகு மாற்றப்பட்ட அது, நியூசிலாந்திலிருந்து சீனாவுக்கு 5,867 மாடுகளோடு போகும் வழியில், 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மேசாக் புயலில் எந்திரம் நின்று, அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக் கவிழ்ந்தது. 43 பணியாளர்களில் இருவரே பிழைத்தார்கள். பணியாளர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளைகள். அதன் பிறகுதான் நியூசிலாந்து கடல்வழிக் கால்நடை ஏற்றுமதியை 2023 ஏப்ரலோடு நிறுத்தியது. 41 குடும்பங்கள் கொடுத்த விலை அது.

விலங்கு நலம் பேசுகிறவர்கள் பணியாளர்களை மறப்பதும், கப்பல் தொழிலாளர் நலம் பேசுகிறவர்கள் விலங்கை மறப்பதும் எனக்கு வருத்தம் தருகின்றன. அமோனியா நிறைந்த தளத்தில் சாணம் அள்ளுகிற மனிதரும் மாடும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். எலிக்காய்ச்சல், கியூ காய்ச்சல் போன்றவை மாட்டிடமிருந்து அவருக்கு வரக்கூடியவை. ஆயிரக்கணக்கான மாடுகளுக்குக் கைவிரலில் எண்ணக்கூடிய பராமரிப்பாளர்களே இருக்கும்போது, படுத்த மாட்டை எழுப்பவும், தண்ணீர்த் தொட்டியில் விழுந்த சாணத்தை எடுக்கவும் யாருக்கு நேரம் இருக்கும்?

தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் இடைவெளி

நம் நாட்டில் இந்த விவாதம் பெரும்பாலும் ஏற்றுமதியைச் சுற்றியே நடந்திருக்கிறது. 2019-இல் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகள் மத்தியக் கிழக்குக்கு அனுப்பப்பட்டதிலிருந்து என்.எஸ்.பி.சி.ஏ. நீதிமன்றப் படிகளில் ஏறிவருகிறது. 2020 ஆகஸ்டில் மக்காண்டா உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்ட இடைக்காலத் தடையைத் தர மறுத்தது. ஏற்றுமதியை முழுக்க நிறுத்த வேண்டுமா, கடும் விதிகளோடு விடலாமா என்பதில் நல்ல மனிதர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கிழக்குக் கேப் மாகாணத்துப் பண்ணையாளர்களுக்கு அந்த வருமானம் சிறிதன்று. என் மனம் நிறுத்துவதன் பக்கமே சாய்கிறது. எனினும் இந்த நிகழ்வுக்கு அந்த விவாதம் விடை ஆகாது. நாளையே நாம் ஏற்றுமதியைத் தடை செய்தாலும், பிரேசிலிலிருந்து ஈராக்குக்குப் போகும் கப்பல் தீவனம் கேட்டுக் கேப் டவுனின் டேபிள் விரிகுடாவில் வந்து நிற்கத்தான் செய்யும்.

அப்படி வரும் கப்பலிடம் நாம் என்ன கேட்க முடிகிறது? 1962-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், துன்புறும் விலங்கைப் பார்க்கவும் அதன் துன்பத்தை முடிக்கவும் ஆய்வாளருக்கு வழி தருகிறது. எட்டு மாடுகளுக்குக் கேப் டவுனில் கிடைத்தது அதுதான். கப்பல் மிதக்கத் தக்கதா, தீயணைப்புச் சாதனங்கள் இருக்கின்றனவா, பணியாளர் ஒப்பந்தங்கள் ஒழுங்கா என்பதைத் தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம் துறைமுக நாட்டு ஆய்வில், அதாவது வந்து நிற்கும் வெளிநாட்டுக் கப்பலைச் சோதிக்கும் ஆய்வில், பார்க்கலாம். பட்டியில் அமோனியா எவ்வளவு, கடைசியாக எப்போது கழுவினார்கள், எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது என்பவை இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் விழுந்துவிடுகின்றன. விலங்கு நல ஆய்வாளர் மாட்டைப் பார்க்கிறார், கப்பல் ஆய்வாளர் கப்பலைப் பார்க்கிறார். மாடும் கப்பலும் சேர்ந்து இயங்கும் முறையைப் பார்க்கப் பொறுப்பானவர் இல்லை. அதிலும் விலங்கு நல அமைப்பு பொதுமக்கள் நன்கொடையில் பெரிதும் வாழ்வது. நாற்றம் நகரத்துக்குள் வராதிருந்தால் அந்தக் கப்பலைப் பற்றி நம்மில் யாரும் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. காற்று வேறு திசையில் வீசியிருந்தால் போதும்.

துறைமுகத்துக்குள் விடும் முன் கேட்க வேண்டியவை

இதற்குப் பெரிய பன்னாட்டு உடன்படிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் நுழைவதற்கு நிபந்தனை விதிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. கால்நடைக் கப்பலின் ஏஜென்ட் இடம் கேட்டு எழுதும்போதே, விலங்குகளை ஏற்றிய நாள், அன்றுவரை இறந்தவற்றின் எண்ணிக்கை, கப்பல் மருத்துவரின் அன்றாடக் குறிப்பு, ஒவ்வொரு தளத்திலும் எடுத்த ஈரக்குமிழ் வெப்பநிலை (வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு), அமோனியா அளவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். 12 கடல் மைலுக்கு வெளியே, ஓடும்போதே தளங்களை முழுவதும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லலாம். இது ஒரு நாள் வேலை. ஆனால் துறைமுகத்தில் நிற்கும் நேரம் முழுவதற்கும் வித்தியாசம் செய்யும். கழுவும்போது நிலைத்தன்மை குறையும் என்பதால், தளம் தளமாகக் கழுவி, வடிந்துவிட்டதைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

தீவனம் கரையில் தயாராக அடுக்கப்பட்ட பிறகே கப்பலைத் துறையில் கட்டி நிற்க விட வேண்டும். நிற்கும் நேரத்துக்கு மேல்வரம்பு வேண்டும். அது நாட்களில் அல்லாமல் மணிகளில் இருக்க வேண்டும். வரம்பு தாண்டினால் நங்கூரமிடத்துக்கு அனுப்பிவிடுவது விடையாகாது, அங்கேயும் கப்பல் நின்றுகொண்டுதான் இருக்கும். திறந்த கடலுக்குப் போய் ஓடிக் கழுவிவிட்டுத் திரும்பட்டும். துறையில் கட்டி நிற்கும்போது மின்னாக்கிப் பழுதுபார்ப்பு எதற்கும் அனுமதி கூடாது, இரண்டாவது மின்மூலம் ஓடுவதைக் கப்பல் ஆய்வாளர் கண்ணால் பார்த்தாலன்றி. கால்நடை மருத்துவரும் கப்பல் ஆய்வாளரும் தனித்தனியே வராமல் ஒன்றாக ஏற வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். மருத்துவர் ஒரு மாடு வாய் திறந்து மூச்சிரைப்பதைக் காட்டினால், அந்தப் பட்டிக்குக் காற்று கொண்டுவரும் குழாய் எது, அதன் விசிறி ஏன் மெதுவாகச் சுழல்கிறது என்பதை அந்த இடத்திலேயே மற்றவர் சொல்ல முடியும்.

செலவு யாருடையது என்று கேட்பார்கள். துறைமுகக் கட்டணத்தில் அதைச் சேர்ப்பதே முறை. கப்பல் வாடகையும் மாட்டு விலையும் கணக்குப் போடுகிற வணிகத்தில் இது பெரிய தொகை ஆகாது. கப்பல்கள் கேப் டவுனை விட்டு வேறு துறைமுகத்துக்குப் போய்விடும் என்றும் சொல்வார்கள். அதனால்தான் டர்பன், ஈஸ்ட் லண்டன், கெபேஹா (முன்னாள் போர்ட் எலிசபெத்), கேப் டவுன் ஆகிய நான்குக்கும் ஒரே நிபந்தனை வேண்டும். தென்னாப்பிரிக்கா உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் துறைமுக ஆய்வு உடன்பாட்டின் வழியே மொரீஷியஸின் போர்ட் லூயிஸையும் இதில் சேர்க்க முடியும். டர்பன் துறைமுகத்தில் இப்படியொரு நுழைவுப் படிவத்தின் வரைவை நானும் அந்த மூத்த எந்திரவியலாளரும் கால்நடை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். கால்நடைக் கப்பலில் வேலை செய்த, அல்லது அத்தகைய கப்பலுக்குத் தீவனமோ தண்ணீரோ ஏற்றிக் கொடுத்த தமிழ்த் தோழர்கள், தாங்கள் கண்ட தளங்களில் எந்த மூலையில் காற்று வரவில்லை, எந்த வடிகால் முதலில் அடைத்தது என்பதைச் சொன்னால், படிவத்தின் கேள்விகளை இன்னும் கூர்மையாக்க முடியும்.